கால்பந்து டிவியை விட்டுப் போன வருஷம்

கேபிள் டிவி ஆபீஸில் போன் எடுக்கிற வேலைக்குப் படிப்பு முக்கியமில்லை. ஒரு காதில் திட்டு வாங்கிக்கொண்டே, ஆறுவதற்குள் டீயைக் குடித்து முடிக்கத் தெரிந்தால் போதும். எங்கள் ஆபீஸ் தென்காசியில் இருக்கிறது. புளியங்குடி, கடையநல்லூர், குற்றாலம், கேரள எல்லையில் புளியறை வரைக்கும் எங்கள் கம்பி ஓடுகிறது. கம்பி இழுப்பவர் லைன்மேன் சுடலை அண்ணன், லாபம் பார்ப்பவர் முதலாளி, பேச்சு வாங்குபவள் நான். மழையில் படம் கோடு கோடாக வந்தாலும் நான்தான் காரணம், சீரியலில் நல்ல மாமியார் செத்துப்போனாலும் நான்தான் காரணம்.

கால்பந்து எப்படி ஆடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. எந்த சேனலில் வரும் என்பது மட்டும் அத்துப்படி. அந்த ஒரு ஞானமும் இந்த சீசனில் போய்விட்டது. வழக்கமாக வருகிற விளையாட்டுச் சேனலில் திடீரென்று மல்யுத்தம் ஓடுகிறது. பந்து ஒரு போன் ஆப்புக்குள் குடியேறிவிட்டதாம். நீங்களும் ரிமோட்டை அமுக்கி அமுக்கிப் பெருவிரல் தேய்ந்து, கடைசியில் வேண்டா வெறுப்பாக ஒரு சமையல் நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டுப் படுத்தவர்தானே? அப்படியானால் இது நம் எல்லோருடைய கதை. மேலே படியுங்கள்.

கோழியும் வரும்

சீசன் தொடங்கிய முதல் வாரமே கடையநல்லூரிலிருந்து மைதீன் பாத்து அக்கா கூப்பிட்டார். அவர் மகன் அசன் கேரளத்தில் ஒரு அணியில் சம்பளத்துக்குப் பந்தாடுகிறான். பெரிய ஆட்டக்காரன் என்று சொல்ல முடியாது. வெளியே உட்கார்ந்திருந்து, கடைசியில் கொஞ்ச நேரம் உள்ளே இறங்குகிறவன். அக்காவின் வீட்டுக்காரர் காதர் பாய் வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து இப்போது கைலிக் கடை வைத்திருக்கிறார். பந்து விளையாடுவதற்கு ஒருவன் சம்பளம் கொடுப்பான் என்று அவர் நம்பத் தயாராக இல்லை. பையன் அங்கே எதையோ மறைக்கிறான் என்பது அவர் கட்சி. தன் பழைய முதலாளியிடம் சொல்லி மகனுக்கு ஒரு விசாவும் ஏற்பாடு செய்துவிட்டார். அக்கா கெஞ்சிக் கூத்தாடி அதை மாசக் கடைசி வரை தள்ளி வைத்திருக்கிறார். அதற்குள் மகன் ஆடுவதை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

"பக்கத்து வீட்டுப் போன்ல அந்த ஆப்ப போட்டுக் காட்டலாமேக்கா?" என்றேன். அதெல்லாம் காட்டியாயிற்றாம். பாதி நேரம் வட்டம் சுற்றியதாம், மீதி நேரம் கடுகு கடுகாகப் பத்துப் பேர் ஓடினார்களாம், அதில் ஒரு கடுகு அசன் என்று அக்கா சத்தியம் செய்தாராம். காதர் பாய் அசையவில்லை. அவர் சொன்னதை அக்கா அப்படியே எனக்குச் சொன்னார்: "போன்ல எவன்தான் வரல? நேத்து நம்ம தெருக் கோழிகூட வந்துச்சு. டிவில வரட்டும், பொறவு அவன் ஆட்டக்காரன்தான்னு ஒத்துக்கிடுதேன்."

மண்டியில் ஒரு பாடம்

டிவியில் வராததை எப்படி டிவியில் வரவைப்பது? அந்த நேரம் பார்த்து புளியங்குடி எலுமிச்சை மண்டியிலிருந்து சண்முகம் அண்ணாச்சி கூப்பிட்டுக் கத்தினார். அவர் கமிஷன் ஏஜெண்ட். இங்கிலாந்து ஆட்டங்களின் பரம ரசிகர். பின்னால் ஏலச் சத்தம் கேட்டதால் அவர் கத்தியது திட்டா, விலையா என்று முதலில் பிடிபடவில்லை. திட்டுதான். நானும் விடாமல், "அண்ணாச்சி, டிவில இருந்தது ஏன் போச்சு, அதயாவது சொல்லுங்க" என்றேன்.

அவருக்குக் கோபம் இறங்கிவிட்டது. யாராவது விளக்கம் கேட்டால் போதும், மனுஷன் குளிர்ந்துவிடுவார். "மண்டி மாரிதான் தாயி. ஆட்டத்த ஏலம் விடுதான். போன தடவ டிவிக்காரன் எடுத்தான், சரக்கு நம்ம வீட்டுக்கு வந்துச்சு. இந்தத் தடவ ஆப்காரன் கூடக் கேட்டுட்டான், லோடு அங்கன போயிட்டு. அடுத்த தடவ எவன் கேப்பானோ" என்றார். இதற்காகவே அவர் போனில் நாலைந்து ஆப் வைத்திருக்கிறாராம். எதில் எந்த நாட்டு ஆட்டம் வரும் என்று பார்த்து முடிப்பதற்குள் முதல் பாதி முடிந்துவிடுகிறதாம். கடைசியில் பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "எலுமிச்சம்பழம் எந்த லாரில ஏறுனாலும் எந்த மண்டில இறங்கும்னு நான் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். இந்தப் பந்து எந்த மண்டில இறங்குதுன்னு மட்டும் தேடித் தேடி அலையுதேன் தாயி."

கண்ணீர் அஞ்சலிக்கு நடுவே

எங்களுக்கென்று ஒரு உள்ளூர் சேனல் உண்டு. காதுகுத்து, கல்யாண நாள் வாழ்த்து, கோயில் கொடை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் வரும். மைதீன் பாத்து அக்கா அதைப் பிடித்துக்கொண்டார். "எவன் எவன் பிறந்த நாளயோ போடுதீய, எம் மவன் பந்தாட்டத்தப் போடக்கூடாதா? ஆப்ல இருந்து எடுத்து அதுல விட்டுருங்க" என்றார். கேட்டதும் எனக்கும் சபலம் தட்டியது. ஒரே ஒரு ஆட்டம், ஒரே ஒரு தெரு, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

முதலாளியிடம் மெதுவாகப் பேச்சை எடுத்தேன். ஏலம் எடுத்தவன் அனுமதி இல்லாமல் அவன் ஆட்டத்தை நம் கம்பியில் விட்டால் கேஸ் போட்டு ஆபீஸையே பூட்டிவிடுவான் என்று அவர் சாவகாசமாக விளக்கினார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அஞ்சலி போடுத இடத்துல பந்தப் போட்டேன்னு வையி, மறுநாள் அதே இடத்துல நம்ம ஆபீசுக்குத்தான் அஞ்சலி போடணும்."

குற்றாலத்தில் விட்டுப்போன சாமான்

குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜர் வேலாயுதம் அண்ணாச்சி, மேல்மாடி அறையில் சுவர் நிறைய ஒரு புது டிவி மாட்டியிருந்தார். அதில் ஆப் எல்லாம் வருமாம், கால்பந்தும் வருகிறதாம். அக்காவிடம் சொன்னேன். "ஆப் வருத டிவிய உங்க வீட்டுக்காரர் ஒத்துக்கிடுவாவளா?" என்று கேட்டதற்கு, "பொட்டி பெருசா இருந்தா அது டிவிதான். ஆப்புங்குத வார்த்தைய நான் வாயால சொல்லவே மாட்டேன்" என்றார். அருவியில் நல்ல தண்ணீர் விழுகிறது என்று சொல்லிக் காதர் பாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஐயப்ப சாமிமார் கூட்டம் அலைமோதுகிற சமயம் அது. இருந்தாலும் மேனேஜர் எனக்காக அந்த அறையைச் சாயங்காலம் கொஞ்ச நேரம் காலியாக வைத்திருந்தார். இருவரும் குளித்து முடித்து, துண்டைக் காயப்போட்டு, டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு அணியும் வரிசையாக வந்து நின்றன. அக்கா எழுந்து திரைக்குக் கிட்டே போய் மகனைத் தேடியிருக்கிறார். அந்த நிமிஷம் படம் மறைந்து, பாஸ்வேர்டு கேட்டது.

அடித்துப் பிடித்து விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. போன மாசம் கொல்லத்திலிருந்து வந்து தங்கிய ஒருவர் தன் ஆப் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, அதிலிருந்து வெளியேறாமல் ஊருக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லாரும் அதில்தான் பார்த்திருக்கிறார்கள். டிவியோடு சேர்ந்து வந்த வசதி என்று மேனேஜர் நினைத்திருக்கிறார். தன் கணக்கில் யாரோ ஓயாமல் படம் பார்ப்பதைக் கொல்லத்துக்காரர் அன்றைக்குத்தான் கவனித்து, பாஸ்வேர்டை மாற்றிவிட்டார். காதர் பாய் ஈரத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாராம். மேனேஜர் என்னிடம் போனில் புலம்பினார்: "ஏ பிள்ள, குளிக்க வந்தவன் எண்ணெய விட்டுட்டுப் போவான், துண்ட விட்டுட்டுப் போவான், எடுத்து வச்சிருந்து குடுப்பேன். கணக்க விட்டுட்டுப் போறவனுக்கு நான் எத எடுத்து வைக்க?"

புளியறையிலிருந்து வந்த முதல் போன்

அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. விசாவுக்குத் திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்னால் மிச்சம் இருந்தது சனிக்கிழமை ஆட்டம் ஒன்றுதான். வியாழக்கிழமை சாயங்காலம், கேரளாவுக்கு வைக்கோல் ஏற்றிப்போன லாரி ஒன்று புளியறையில் எங்கள் கம்பியை அறுத்துக்கொண்டு போய்விட்டது. வானத்தை முட்ட லோடு ஏற்றினால் அப்படித்தான் ஆகும். ஆபீஸ் போன் அலற ஆரம்பித்தது. சீசன் தொடங்கியதிலிருந்து சத்தமே வராத ஊர் புளியறை. தங்கமான ஜனங்கள் என்று நானே பலரிடம் பாராட்டியிருக்கிறேன்.

செக்போஸ்ட் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கிற தாமஸ் சேட்டன்தான் முதலில் கிடைத்தார். "சேச்சி, கம்பி போயி! வேகம் ஆள விடணும்!" என்றார். "என்ன சேட்டா, சீரியலா?" என்றேன். "சீரியலோ? பந்து களி சேச்சி! கோல் விழுகுற நேரம், கடை நெறய ஆளு நிக்குது!" எந்த சேனல் என்று கேட்டேன். ஒரு மலையாளச் சேனல் பேரைச் சொன்னார். பகலெல்லாம் சமையலும் சீரியலும் போடுகிற சேனல். ஆப்காரர்கள் மலையாள வர்ணனையோடு காட்டுகிற உரிமையை மட்டும் பிரித்து அந்தச் சேனலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கம் யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நாங்கள் அதைப் புளியறைக்கு மட்டும்தான் விட்டிருந்தோம். நானோ விளையாட்டுச் சேனல் வரிசையை மட்டும் சல்லடை போட்டுச் சலித்துக்கொண்டிருந்தேன். கம்ப்ளெய்ன்ட் வருகிற ஊரைத்தான் எங்களுக்குத் தெரியும். நன்றாக ஓடுகிற ஊரில் என்ன ஓடுகிறது என்று யார் கேட்கிறோம்? "இத்தன நாளா பந்து வருதுன்னு ஒரு வார்த்த சொல்லலியே சேட்டா!" என்று கத்தியே விட்டேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "களி நல்லா வந்துகிட்டு இருக்கும்போ, எதுக்கு சேச்சி உங்கள போன்ல விளிக்கணும்?" என்றார்.

சனிக்கிழமை

அன்றைக்கே அந்தச் சேனலைக் கடையநல்லூருக்கும் எங்கள் ஆபீஸுக்கும் திறந்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் சுடலை அண்ணனைக் கடையநல்லூர் கேபிள் பெட்டிக்குக் கீழே காவல் போடலாம் என்று பார்த்தேன். அவர் ஆபீஸ் டிவி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். என் கம்பியில் இனி குறை இல்லை. ஆனால் கோச் அந்தப் பையனை இறக்கிவிட வேண்டுமே? அது எந்தக் கம்பியிலும் இல்லாத சமாச்சாரம். ஆட்டம் பாதி தாண்டியது. கேமரா ஒரு தடவை வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் பக்கம் திரும்பியது. ஒரு ஒல்லிப் பையன், ஓடி வந்த இன்னொருவனுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டினான். அடுத்த நொடி அக்காவின் போன். "அவன்தான் தாயி, அசன்! தண்ணி குடுக்கான்! இதுக்குத்தான் சம்பளமான்னு அவன் வாப்பா கேக்காவ, நான் என்னத்தச் சொல்ல?" இதற்கா இவ்வளவு பாடுபட்டோம் என்று ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டேன்.

ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். ஒருவன் நொண்டிக்கொண்டே வெளியே வந்தான். அந்த ஒல்லிப் பையன் மேல்சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினான். திரையின் அடியில் அவன் பெயர் பெரிதாக வந்தது. ஓடினான், விரட்டினான், ஒருவனை இடித்துக் கீழே தள்ளினான். நடுவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சளாக எதையோ எடுத்து நீட்டினார். "ஐயோ, என்னண்ணே அது?" என்றேன். "எச்சரிக்கை. இன்னொண்ணு வாங்குனா வெளிய போணும்" என்றார் சுடலை அண்ணன். நல்ல வேளை, இன்னொன்று வாங்குவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். போன் அடித்தது. அக்காவாக இருக்கும் என்று எடுத்தேன். இதுவரை கேட்காத ஒரு கனத்த குரல். "காதர் மைதீன் பேசுதேன்" என்றது. "பயபுள்ள, போன ஒடனே ஒருத்தன உருட்டிவிட்டு மஞ்ச அட்ட வாங்கிட்டான். அத டிவிக்காரன் திருப்பித் திருப்பிக் காட்டுதான், தெருவே எங்க வீட்டுல நின்னு பாக்கு. சும்மா நிக்கவனுக்கு எவனும் அட்ட குடுக்க மாட்டான்லா? விசாவ என் தம்பி மவனுக்கு மாத்தச் சொல்லிட்டேன், தாயி."

ஊர் உலகமெல்லாம் கோல் விழுந்தால்தான் கை தட்டும். மஞ்சள் அட்டைக்கு எழுந்து நின்று கை தட்டி, கண்ணையும் துடைத்துக்கொண்ட கேபிள் ஆபீஸ் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.