மேகத்தைக் கலைத்துவிடுவார்கள் என்று சொன்னேன்

சில வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதம். விழுப்புரத்தின் ஓரத்தில், ஏரிக்குக் கீழே இருக்கிறது எங்கள் தெரு. புயல் மழை கொட்டி, விடிந்து பார்த்தால் இடுப்பளவு வெள்ளம். நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். தெருவில் எதற்கெடுத்தாலும் என்னைத்தான் கேட்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பக்கத்து வீட்டு அண்ணனுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். முந்தின முறையே மழையால் தவறிவிட்டது. அன்றைக்குக் கட்டாயம் போயாக வேண்டும். அவரும் அவர் மனைவியான அக்காவும் எங்கள் மொட்டைமாடியில் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணிக்கு ஒரு டிராக்டர் வந்தது. "ஜல்தி ஏறுங்க, தண்ணி ஏறிக்கினே இருக்குது. இன்னொரு நடை வர முடியாது" என்று டிரைவர் கத்தினார்.

அக்கா என்னைப் பார்த்தார். "ஹெலிகாப்டர் வரும்னாங்களே டீச்சர், இவர இதுல ஏத்தலாமா?"

ஹெலிகாப்டர் தயாராக இருக்கிறது, மேகம் தாழ்ந்திருப்பதால் பறக்க முடியவில்லை என்று செல்போனில் செய்தி பார்த்திருந்தேன். டிராக்டரோ வெள்ளத்தில் கவிழ்ந்துவிடும்போல் ஆடியது. ஏதோ ஒரு நாட்டில் விழாவுக்காக விமானத்திலிருந்து எதையோ தூவி மேகத்தைக் கலைத்தார்கள் என்று எப்போதோ படித்ததும் ஞாபகம் வந்தது. தெரிந்தது அரைகுறை. சொன்னதோ அடித்துச் சொன்னேன்.

"அவசரப்படாதீங்கக்கா. மேல உப்பு தூவி மேகத்தக் கலைச்சிடுவாங்க. மத்தியானத்துக்குள்ள ஹெலிகாப்டர் வந்துடும்."

டிராக்டர் அவர்களை ஏற்றாமலே போனது.

மத்தியானம் போய் சாயங்காலமும் ஆனது. மேகம் அப்படியே தென்னை மரத்து மேல் உட்கார்ந்திருந்தது. அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. அவர் முதுகைத் தடவிக்கொண்டே அக்கா அண்ணாந்து அண்ணாந்து பார்த்தார். மறுநாள் காலைதான் படகு வந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். குளிர்ந்து கிடக்கும் சிலவகை மேகத்தில் ஏதோ ஓரளவு பலிக்குமாம். புயல் மேகத்தைக் கலைக்க யாராலும் முடியாது. அன்றைக்கு யாரும் அப்படி நினைக்கக்கூட இல்லை.

காரியத்தன்று அக்கா வந்தவர்களிடம் சொல்லி அழுதார். "டீச்சர் அப்பவே சொன்னாங்க. அந்த உப்பத் தூவாம உட்டுட்டானுங்களே, பாவிங்க!"

என் கையைப் பிடித்துக்கொண்டுதான் அதைச் சொன்னார்.

இப்போதெல்லாம் வகுப்பில் தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் வானம் மூடும்போதெல்லாம் அக்கா அந்தப் பாவிகளைத் திட்டுவார், அந்தப் பாவி நான்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் நாக்கு எழவில்லை.