படுத்தால்தான் நோயாளி

எங்கள் ஊரில் நோயாளி என்றால் படுத்திருக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் அவன் நோயாளி இல்லை, சோம்பேறி. இந்த ஒரே அறிவை வைத்துக்கொண்டு ஊரே வைத்தியம் பேசும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளிக் கிடந்த ஊர் அது. ஊர்க்காரர்களின் புத்தியும் அப்படித்தான் கிடந்தது.

யுத்த காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். விழுப்புரம் மண்டிக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை ஏற்றிப் போன என் வீட்டுக்காரர், வண்டி பின்பாரமாக இருப்பதைக் கவனிக்காமல் மாடுகளை அவிழ்த்திருக்கிறார். நுகத்தடி விருட்டென்று எகிறி நெஞ்சில் மோதிவிட்டது. கொஞ்ச நேரம் மூச்சு நின்றாற்போல் இருந்ததாம். பிறகு எழுந்து, அவரே வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

சட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். ரத்தம் இல்லை. ரத்தம் இல்லாவிட்டால் அடி இல்லை என்பது அவர்கள் கட்சி. இத்தனைக்கும் ஊமைக் காயம் என்று ஒரு சொல்லை வாய்க்கு வாய் சொல்கிற ஜனங்கள்தான். சொல்லத் தெரியும், கண்ணெதிரே வந்தால் தெரியாது. முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்து நெஞ்சில் பற்றுப் போட்டதோடு வேலை முடிந்தது.

நாலைந்து நாளில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கிணற்றடிக்குப் போய் வந்தாலே வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். பேச்சு பாதியில் நின்று, மூச்சை இழுத்துக்கொண்டு மீதி வரும். உதடு வெளுத்து, நெற்றியில் சில்லென்று வேர்வை. பாயில் சாய்ந்தால் போதும், யாரோ நெஞ்சில் ஏறி உட்கார்ந்த மாதிரி துடித்து எழுந்துவிடுவார். எழுந்து முன்பக்கம் குனிந்தால்தான் கொஞ்சம் தணியும். அதனால் ஒரு மல்லாட்டை மூட்டையை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு, அதைக் கட்டிப் பிடித்தபடியே கண் அயர்வார். பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கழுத்து நரம்பு இரண்டு பக்கமும் கயிறு மாதிரி புடைத்திருக்கும்.

பார்க்க வந்தவர்களுக்கு இது எதுவும் கண்ணில் படவில்லை. ஒருவர் வாயு என்றார். ஓமத் தண்ணீர் வந்தது. இன்னொருவர் பயந்துவிட்டான் என்றார். மந்திரித்த விபூதி வந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, களவு போய்விடும் என்று காவல் காக்கிறானா என்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போனது ஒரு ஜென்மம். என் மாமனாரின் அக்காள் வாசலில் நின்று தலையை நீட்டி எட்டிப் பார்த்தாள். பெண்டாட்டி செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று எனக்கும் ஒரு பங்கு வைத்துவிட்டுப் போனாள்.

திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கட்டச் சொல்லி மாமனாரைக் கேட்டேன். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடும் பஸ் அப்போது வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அதை நம்பி ரோட்டில் போய் நிற்க முடியாது. மாமனாரோ அறுவடை நேரத்தில் வண்டியை விட மனமில்லாமல் இருந்தார். அக்காள் பக்கத்தில் நின்றாள். இன்னும் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"உக்காந்துக்கினுதானே இருக்கான், இதுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?" என்றார் மாமனார்.

உள்ளே இருந்த என் வீட்டுக்காரருக்கு அது காதில் விழுந்துவிட்டது. மூட்டையைத் தள்ளிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"பாயப் போடு. நான் படுத்துக் காட்டுறேன்."

நான் மாட்டேன் என்றேன். அவரே வெறும் தரையில் மல்லாந்து படுத்தார். அதை நான் சாகும்வரை மறக்கப் போவதில்லை. முகம் கறுத்தது. கழுத்து நரம்பு இன்னும் புடைத்தது. வாய் திறந்திருக்கிறது, மூச்சு உள்ளே போகவில்லை. கை தரையைப் பிறாண்டுகிறது. நான் பாய்ந்து தூக்கி உட்கார வைத்தேன். அதற்குள் மாமனார் மாட்டைப் பிடிக்க ஓடியிருந்தார். பெற்ற பிள்ளைக்கு மூச்சு முட்டுவது தெரிய, அவன் அவர்கள் காலடியில் செத்துக் காட்ட வேண்டியிருந்தது.

அதோடும் விட்டார்களா? அக்காள் வண்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் அவரைப் படுக்க வைக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் படுத்துக்கொண்டுதானே போக வேண்டும். அதுவரை அவளை எதிர்த்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"படுக்க வச்சா உசிரு போயிடும். அவரு உக்காந்துக்கினுதான் வருவாரு. நவுருங்க" என்றேன்.

மூட்டையை ஏற்றினேன். அவர் அதன்மேல் கவிழ்ந்திருக்க, நான் முதுகைத் தாங்கிக்கொண்டேன். மாமனார் வண்டியை ஓட்டினார். வழியெல்லாம் எதிரே வந்தவர்கள், சந்தைக்கா என்று கேட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் படித்தவர்கள் இருப்பார்கள் என்று நம்பிப் போனேன். கம்பவுண்டர் எங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு, உட்கார்ந்திருப்பவர்களெல்லாம் பெஞ்சியில் காத்திருக்கச் சொன்னார். இங்கிலீஷ் படித்தும் எங்கள் ஊர்ப் புத்திதான். நல்ல வேளையாக டாக்டர் அந்தப் பக்கம் நடந்தவர் நின்றார். அவர் பார்த்தது கழுத்தை. நாடியைப் பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு என்னிடம், படுத்தால் என்ன ஆகிறது, எங்கே அடிபட்டது என்று இரண்டே கேள்விதான் கேட்டார். சொன்னேன். இதயத்தைச் சுற்றி ரத்தம் கோத்து அதை அடிக்க விடாமல் நெருக்குகிறது என்றார். நீள ஊசி போட்டுக் கறுத்த ரத்தத்தை இழுத்தார். இழுக்க இழுக்க என் வீட்டுக்காரர் முகத்தில் நிறம் வந்தது. இன்னும் ஒரு நாள் வீட்டில் வைத்திருந்தால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று டாக்டர் மாமனாரிடம் சொன்னார். மாமனார் என்னைப் பார்க்கவில்லை, வாசலில் கட்டியிருந்த மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சில வாரம் அங்கேயே இருந்து ஊர் திரும்பினோம். வந்த அன்று மத்தியானம் என் வீட்டுக்காரர் கூடத்தில் பாயை விரித்து, தலையணைகூட இல்லாமல் மல்லாந்து படுத்துத் தூங்கினார். நெஞ்சு மெல்ல ஏறி இறங்கியது. நான் வேலையை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் கேள்விப்பட்டு மாமனாரின் அக்காள் வந்தாள். வாசற்படியிலிருந்தே அவர் படுத்திருப்பதைப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு, "என் தம்பி பெத்த ராசாவே, படுத்துட்டியே" என்று ஒப்பாரியை எடுத்துவிட்டாள். அக்கம்பக்கம் கூடிவிட்டது. சத்தத்தில் திடுக்கிட்டு விழித்த அவர் எழுந்து உட்கார்ந்தார்.

ஒப்பாரி பட்டென்று நின்றது. அக்காள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், "உக்காந்துட்டான். ஒண்ணுமில்ல, போங்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அத்தனை பேர் முன்னாலும் அவர் தோளைப் பிடித்து, "நீங்க படுங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு படுத்துக்கொண்டார்.