விரதத்தில் நான் நிறுத்திய மாத்திரை

முருகன் அடியார்களே, என்னைக் கொல்ல வந்தவன் என் கூடப் பிறந்த தம்பி. இதை வெளியில் சொல்ல எனக்கு ஒரு வருஷம் ஆனது.

செல்வத்துக்கு மனச்சிதைவு நோய். காதில் குரல்கள் கேட்கும். அப்பா அம்மா போன பிறகு சிங்கப்பூர் தோ பாயோ வீட்டில் நாங்கள் இருவர்தான். அவன் கத்தினால், டிவி சத்தம் என்று அக்கம்பக்கத்தில் சமாளிப்பேன். மானம் போய்விடுமே என்ற பயம்.

போன தைப்பூசத்துக்கு, அவன் குணமாக வேண்டி இருவரும் பால்குடம் எடுப்பதாக நாற்பத்தெட்டு நாள் விரதம் தொடங்கினோம். அப்போது யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள், கேப்சூல் கூட்டை மாட்டு எலும்பில் செய்கிறார்கள் என்று. விரதத்தில் அதைக் கொடுக்க மனம் வரவில்லை. டாக்டரைக் கேட்கவில்லை. முருகன் பார்த்துக்கொள்வான் என்று நானே அவனுடைய கேப்சூல் மருந்தை நிறுத்தினேன். பக்தியாம்! என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

விரதத்தின் பதினேழாம் நாள் மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தேன். "நீ என் அக்கா இல்ல! சோத்துல விஷம் வைக்கிற!" என்று தோசைக்கல்லைத் தூக்கினான். முதல் அடி கையில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்தது தோளில். பாத்ரூமுக்குள் ஓடித் தாழ் போட்டேன். கதவை இடித்து இடித்துப் பிளந்தான். கல்லின் விளிம்பு நெற்றியைக் கிழித்தது. கண்ணெல்லாம் ரத்தம்.

"முருகா, என்னக் காப்பாத்து" என்று கதறினேன். அடுத்த இடியில் வேண்டுதலே மாறிவிட்டது. "முருகா, நான் இவன் கையால சாகக் கூடாது. பாவம், இவன் கொலைகாரனாயிடுவான்."

அப்போது வாசல் கம்பிக்கதவில் எதிர்வீட்டு காதர் பாயின் குரல். "செல்வம், நான்தான். போலீசுக்குச் சொல்லிட்டேன். உன்ன யாரும் அடிக்க மாட்டாங்க. அதக் கீழ வச்சிட்டு இங்க வா லா, பேசலாம்."

இடி நின்றது. போலீஸ் வரும்வரை கம்பிக்கு இந்தப் பக்கம் தம்பி, அந்தப் பக்கம் பாய், இருவரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். என் முருகன் அன்று தொப்பி போட்டுக்கொண்டு வந்தான்.

"எனக்கு ரொம்ப நாளாத் தெரியும்மா. நீங்க டிவின்னீங்க, சரின்னுட்டேன்" என்றார் பாய் பிறகு.

கூடு இல்லாத மாத்திரையும் இருக்கிறதாம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் டாக்டர் மாற்றித் தந்திருப்பார்.

அவனைச் சேர்த்திருந்த மனநல வார்டில், என் கைக்கட்டைப் பார்த்துச் செல்வம் அழுதான். "யாருக்கா உன்ன அடிச்சா?"

"நான்தான்டா" என்றேன்.

கை இன்னும் மேலே தூக்க வராது. தினமும் காலையில் தன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு அவன்தான் எனக்குத் தலை வாரிவிடுகிறான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் மூடி மறைக்காதீர்கள். முருகனை நம்பிக் கூப்பிடுங்கள். உதவி கட்டாயம் வரும். யாரை அனுப்ப வேண்டும் என்பதை மட்டும் அவனிடமே விட்டுவிடுங்கள்.