நூலின் மறுமுனையில்

பதுளைக் கடைவீதியில் தூண்டில் விற்ற அந்தக் கடைக்காரர் மீன் தொடாத சைவர். நெற்றி நிறையத் திருநீறு பூசியிருப்பார். யார் வாங்க வந்தாலும் கோலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, நூலின் நுனியைத் தன் விரலில் சுற்றிக்கொண்டு தானே மீனாகிவிடுவார்.

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் கிளார்க்காக இருந்த நான், ஓடைக் கெண்டைக்கும் குளத்து விராலுக்கும் பொருந்தும்படி ஒரே கோலும் நூல் சுற்றும் சக்கரமும் கேட்டேன். அவர் முதலில் மெல்ல வெட்டி வெட்டி இழுத்தார். பிறகு நூலோடு கடையின் கோடிவரை ஓடினார். கோல் வில்லாக வளைந்தது, ஒடியவில்லை. நான் சக்கரத்தைச் சுற்றச் சுற்ற, மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்து சேர்ந்தார்.

“இதையே எடுத்துக்குங்க. ரெண்டுக்கும் தாங்கும்.”

“மீனே தொடாத நீங்க எதுக்கு முதலாளி இவ்வளவு சிரமப்படுறீங்க?”

“விக்கிறதே பாவந்தாங்க. கோல் ஒடிஞ்சு, மீன் வாயில முள்ளோட போயி நாள் பூரா துடிச்சா, அந்தப் பாவமும் என் தலையிலதானே?”

நூல் பதிந்து சிவந்திருந்த விரலைத் தடவிக்கொண்டார்.

இன்றுவரை அந்தக் கோல் ஒடியவில்லை. மாட்டிய மீன் ஒன்றும் தப்பவுமில்லை. களைத்துப்போய் அது கரையோரம் வந்து சேரும்போது மட்டும் நான் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை.