ஏசி ஃபில்டர் மாற்றப் போன வீடுகள்

வண்டியில் பிரேக் தேய்ந்தால் வண்டியே கத்திச் சொல்லிவிடும், ஏசி ஃபில்டர் அடைத்துக்கொண்டால் மட்டும் உள்ளே இருக்கிற மனுசன்தான் இருமிச் சொல்ல வேண்டும்.

அவன் இருமினாலும் ஃபில்டரைச் சந்தேகப்பட மாட்டான், பனியைத் திட்டுவான். உத்திரமேரூர் சுற்று வட்டாரத்தில் பிக்கப் வண்டி வைத்திருப்பவர்களின் வீட்டுக்கே போய் அந்த ஃபில்டரை மாற்றிக் கொடுப்பதுதான் மூன்று வருடமாக என் வேலை. அதற்கு முன் ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் இருந்தேன், அதை மூடிவிட்டார்கள். வேலை பெரிய வேலை இல்லை. டேஷ்போர்டில் இடது பக்கம் ஆர்.சி. புத்தகம் வைக்கிற பெட்டியைக் கழற்றினால் பின்னால் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்து, விசிறி மடிப்பு மடித்த அட்டை மாதிரி இருக்கிற பழைய ஃபில்டரை உருவி, புதுசைச் செருக வேண்டும். அவ்வளவுதான். வீடு வீடாகப் போய் கிரைண்டர் பார்க்கிறவர்கள், தண்ணீர் மெஷின் பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், வேலை எவ்வளவு சின்னதோ அவ்வளவு பேச்சு கேட்க வேண்டிவரும் என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டாம்.

கருவாட்டு நாற்றம்

ராஜகுளத்தில் ஒரு பந்தல் கான்ட்ராக்டர். அவருடைய பிக்கப்பில் ஏசியைப் போட்டால் நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று கூப்பிட்டார். போனதும் வண்டியைக் காட்டவில்லை, மச்சானைப் பற்றித்தான் சொன்னார். தங்கச்சி புருஷன் போன மாதம் வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு போனானாம். கருவாட்டு மூட்டை ஏற்றியிருக்கிறான், கேட்டால் இல்லை என்கிறான். பேச்சு முற்றிப்போய், தங்கச்சி மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமனான இவர் போகவில்லை. சீர்த்தட்டு இல்லாமலே அந்தப் பெண்ணுக்குச் சடங்கு முடிந்துவிட்டது.

பெட்டியைக் கழற்றி ஃபில்டரை இழுத்தேன். பாதி ஃபில்டரைக் கடித்துப் பஞ்சாக்கி, அதில் குட்டி போட்டு, குட்டிகளோடு செத்துக் கிடந்தது ஒரு எலி. கான்ட்ராக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். மச்சானுக்கு உடனே போன் போடுவார் என்று நினைத்தேன். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: “இத யார் கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத நைனா. அப்புறம் நான் போய் அவன்கிட்ட மன்னிப்பு கேக்கற மாதிரி ஆயிடும்.”

யூரியா சாக்கு

பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நிலபுலன் உள்ள வீடு. கதிர் அறுக்கிற இடத்திலேயே வண்டியை நிறுத்தி நிறுத்தி ஒரே வருடத்தில் ஃபில்டர் முழுக்க வைக்கோல் தூசி. போனில் “வாங்க” என்றுதான் கூப்பிட்டார். நேரில் போனதும் உத்திரமேரூரில் எந்தப் பக்கம் என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறவில்லை. உள்ளே போய் ஒரு காலி யூரியா சாக்கைக் கொண்டுவந்து சீட்டின் மேல் விரித்தார். பிறகு அதுவும் போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், ஏறி உட்காராமல் வெளியே நின்றே செய்ய முடியுமா என்று கேட்டார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கீழே மண்ணில் முட்டி போட்டு, கையை மட்டும் உள்ளே நீட்டி, பத்து நிமிட வேலையை முக்கால் மணி நேரம் செய்தேன். கிளம்பும்போது அவருடைய சம்சாரம் சொம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து சீட்டில் தெளித்தார். நான் பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். இனி ஒரு வருடத்துக்கு நான் கையால் பிடித்துச் செருகிய ஃபில்டர் வழியாக வருகிற காற்றைத்தான் இந்த வீடே சுவாசிக்கப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தும் மனசு ஆறவில்லை. வாசல் வரை கூடவே வந்தவர் தன்மையாகத்தான் சொன்னார்: “தப்பா எட்த்துக்காதபா. சாமி படம் வச்சிக்கீற வண்டி, அதான்.”

புதுசு புதுசுதான்

இதில் குற்றவாளி நான். தென்னேரியில் ஒரு காய்கறிக்காரர் வீடு. அவ்வளவு தூரம் போய்ப் பையைத் திறந்தால், கடைக்காரன் வேறு மாடலுக்கான ஃபில்டரைக் கொடுத்திருக்கிறான். அட்டையில் எழுதியிருந்ததைப் படிக்காதது என் தப்பு. அன்று எனக்குக் காய்ச்சல் வேறு. திரும்பிப் போய் மாற்றிக்கொண்டு வர உடம்பில் தெம்பில்லை. அவர் மோர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில், பழைய ஃபில்டரையே வேப்பமரத்தில் நாலு தட்டு தட்டி, திருப்பிச் செருகி மூடிவிட்டேன்.

மோரைக் கொடுத்துவிட்டு ஏசியைப் போட்டுக் கையை வைத்துப் பார்த்தார். சம்சாரத்தையும் கூப்பிட்டுக் கையை வைக்கச் சொன்னார். அடுத்த வாரமே சரியான ஃபில்டரோடு போய், இலவச சர்வீஸ் என்று சொல்லி மாற்றிவிட்டு வந்தேன். ஆனால் உண்மையைச் சொல்லவில்லை. இந்த மூன்று வருடத்தில் என் வேலையை மனசாரப் புகழ்ந்த ஒரே ஆள் அவர்தான், அதுவும் நான் வேலையே செய்யாத அந்த நாளில்: “பாத்தியா, இன்னா இருந்தாலும் புதுசு புதுசுதான்.”

வீடியோ

உத்திரமேரூரிலேயே ஒரு வாத்தியார். அப்பாவின் பிக்கப்புக்குத் தானே ஃபில்டர் மாற்றிவிடலாம் என்று செல்போனில் வீடியோ பார்த்து ஆரம்பித்திருக்கிறார். பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்பக்கமாக அமுக்கினால் தானாக இறங்கும். அவர் வெளிப்பக்கமாக இழுத்து இரண்டு கொக்கியையும் உடைத்துவிட்டார். ஃபில்டரையும் அம்புக்குறி பார்க்காமல் தலைகீழாகச் சொருகி, அது போகவில்லை என்று ஸ்கேலால் குத்தியிருந்தார். நசுங்கியதை எடுத்து, வேறு ஒன்று போட்டு, உடைந்த கொக்கிக்குப் பதிலாகக் கம்பி வளையம் கட்டிப் பெட்டியை மாட்டிவிட்டு நிமிர்ந்தேன். அவர் நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வீடியோல அவன் பத்து நிமிசத்துல முடிச்சான். நீ அரை மணி நேரம் பண்ணிக்கினு கீற.”

காலி இடம்

யாக்கோபு, கல் உடைக்கிற கிரஷரிலிருந்து எம்-சாண்ட் மணல் ஓட்டுகிற டிரைவர். வண்டி முதலாளியுடையது, நிற்பது யாக்கோபு வீட்டு வாசலில். கண்ணாடியை முழுக்க ஏற்றினாலும் டேஷ்போர்டில் விரலால் பேர் எழுதலாம் போல மாவு படிகிறது என்று கூப்பிட்டார். பேச்சுக்கு நடுவில் இருமல் வந்தால் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிடுவார். ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டாராம், பிறகு அது டிபி இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். நான் மூடியைத் திறந்து கையை விட்டேன். உள்ளே ஃபில்டரே இல்லை. கை முழங்கை வரை சாம்பல் நிறமாக வெளியே வந்தது. ஏசி காற்று கம்மியாக வருகிறது என்று இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலாளிதான் எடுத்து எறியச் சொன்னாராம்.

புதுசு ஒன்றைப் போட்டுவிட்டு, முதலாளியிடம் நான் பேசுகிறேன் என்று போனை எடுத்தேன். யாக்கோபு என் கையைப் பிடித்துக்கொண்டார். தனக்கு இருமல் என்று தெரிந்தால் வேறு டிரைவர் போட்டுவிடுவார், பெரிய பெண் நர்ஸிங் படிக்கிறது என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இன்றைக்கும் அதைத்தான் நினைத்துக்கொண்டு இருக்கிறேன்.

ஐந்து மாதம் கழித்து முதலாளியே என்னைக் கூப்பிட்டார், ஏசி சுத்தமாக வரவில்லை என்று. அவர் வீட்டு வாசலில் அதே வண்டி. டிரைவர் சீட்டில் வேறு ஒருத்தர், முப்பது வயது இருக்கும். யாக்கோபு எங்கே என்றேன். நெஞ்சில் கல் தூசி இறங்கிவிட்டதாம், நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாராம், வீட்டோடு இருக்கிறார் என்று முதலாளி சாதாரணமாகச் சொன்னார். ஃபில்டரை உருவினேன். அட்டையாக இல்லை, செங்கல் மாதிரி கனத்தது. ஐந்து மாதத்துத் தூசி இவ்வளவு. இரண்டு வருடத்துத் தூசி எங்கே போனது என்று எனக்குத் தெரியும். புதுசை எடுத்தேன், முதலாளி வேண்டாம் என்றார். அடைப்பை எடுத்துப் போட்டாயிற்று, அப்படியே மூடு என்றார். முடியாது என்றேன். முதல் தடவையாக ஒரு வாசலில் நின்று அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் என்னைத் தள்ளிவிட்டுத் தானே மூடியை அமுக்கினார். நான் புது டிரைவர் பக்கம் போய், செங்கல் மாதிரி இருந்த அந்த ஃபில்டரை அவர் மடியில் வைத்து, யாக்கோபுக்கு நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்: “எனக்குத் தூசு ஒத்துக்கும்ணா. காத்து வந்தா போதும்.”

இப்படியாக ஊரில் உள்ள வண்டிகளுக்கெல்லாம் மூக்குச் சுத்தம் செய்துவிட்டு, நான் மட்டும் துண்டால் வாயைக் கட்டிக்கொண்டு டூவீலரில் வீடு திரும்புகிறேன்.