கரியில் எழுதிய 'முழு'

புயலுக்கு மறுநாள் கிராம அதிகாரி எங்கள் தெருவுக்கு வந்து, ஒவ்வொரு கூரை வீட்டுச் சுவரிலும் கரிக்கட்டையால் எழுதிக்கொண்டே போனார். இடிந்த வீடு என்றால் மிஞ்சிய குட்டிச்சுவரில் 'முழு'. கூரை மட்டும் பிய்ந்திருந்தால் 'பாதி'. முழுச் சேதத்துக்கு அரசாங்கமே காரை வீடு கட்டித் தருமாம். பாதிக்கு அரிசியும் வேட்டி சேலையும். வீட்டை விழாமல் பார்த்துக்கொண்டவர்களைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒன்றும் இல்லை.

பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு 'முழு'. எங்களுக்குப் 'பாதி'. பெரியப்பா மகள் பரீட்சையிலும் என்னைவிடக் கூட வாங்குகிறவள். இதிலுமா என்று வயிறு எரிந்தது. அவர்களுக்குப் பள்ளிக்கூட முகாமில் சுடச்சுடச் சோறு, புதுப் போர்வை. விட்டம் காலில் விழுந்த அவள் தம்பியை ஜீப்பிலேயே அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான் அதுவரை ஜீப்பில் ஏறியதே இல்லை.

எல்லாம் அம்மாவால் வந்தது. ரேடியோவில் சொன்ன அன்றே கூரைமேல் கயிறு போட்டு, நாலு பக்கமும் முளையடித்து இழுத்துக் கட்டிவிட்டாள்.

"என்னம்மா, வூட்டுக்கு மூக்கணாங்கயிறா? ரேடியோக்காரன் வருசா வருசம் இதையேதான் சொல்றான்" என்று பெரியப்பா சிரித்தார்.

யாரும் இல்லாத ஒரு மத்தியானம் 'பாதி'யை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, நானே பெரிதாக எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துச் சரிபார்க்க மேலதிகாரி வந்தார். சுவரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஏமாத்தப் பார்க்கிறீங்களா? பேரையே அடிச்சிடவா?"

அரிசியும் போய்விடும் போலிருந்தது. அம்மா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இவதாங்க சார். நாலாப்பு படிக்குது. எளுத்தப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். 'முளு' என்றிருந்தது.

"வீடு முழுசாத்தான் நிக்குது. எழுத்துதான் இடிஞ்சு போச்சு" என்று சிரித்துவிட்டு, என்னையே மறுபடி 'பாதி' என்று எழுதவைத்தார். தெருவே சிரித்தது.

சாயங்காலம் பெரியப்பா மகள் வந்தாள். கேலி செய்யத்தான் வருகிறாள் என்று நான் உள்ளே ஓடிவிட்டேன். அவள் வெளியிலேயே நின்று எங்கள் கூரைக் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

"சின்னம்மா, இந்த முடிச்ச எப்படிப் போடுறது? எனக்குச் சொல்லித் தாங்க."

அம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். இதையும் அவளுக்கே கொடுக்கிறாளே என்றுதான் அன்றைக்கு எனக்கு எரிந்தது.