கேள்வி முடியட்டும்

மதரசாவுல சாயந்திரம் நான் எடுத்த அறிவியல் கிளாஸுக்கு, அங்க ஓதிக் குடுக்கிற ஹஜ்ரத் ஒரு நாளும் தடை சொன்னதில்ல. இடைஞ்சலெல்லாம் கமிட்டி செயலாளர் பாய்தான். "பாண்டியில நடக்கிற க்விஸ்ல ஜெயிச்சுட்டு வாங்க, கிளாஸ் நடக்கட்டும். இல்லன்னா எதுக்கும்மா வீணா?"ன்னு மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டாரு.

ஜெயிக்க ஆளு இருந்துச்சு. பத்தாவது படிக்கிற பொண்ணு. பாடப் புத்தகத்த முழுங்கி வச்சிருந்தா. வூட்டுல சொல்லிக் குடுக்க யாருமில்ல, டியூஷனுக்கும் வழியில்ல. என் கிளாஸ விட்டா அவளுக்கு வேற கதியில்ல.

ஆனா பஸ்ஸரத் தொட மாட்டேங்குறாளே! பலகையில காலிங் பெல் சுவிட்ச மாட்டிப் பழக்கினேன். நான் கேள்விய முழுசா கேட்டு முடிக்கிற வரைக்கும் கைய மடியிலயே வச்சிருப்பா. "பாதியிலயே அமுக்குடி"ன்னு கரடியா கத்தினேன்.

"பெரியவங்க பேசறப்ப குறுக்க பூரக் கூடாது டீச்சர்."

ஹஜ்ரத்தே வந்து, "போட்டியில அது தப்பில்லம்மா, அமுக்கு"ன்னாரு. நல்லா தலையாட்டினா. சின்ன வயசுலேர்ந்து ஊறினது, நாலு நாள்ல போயிடுமா இன்னா?

போட்டியன்னிக்கு, "ரத்தத்துல ஆக்சிஜன..."ன்னு கேள்வி கேக்கறவங்க ஆரம்பிச்சதுமே பக்கத்து மேசைப் பையன் டிர்ருனு அமுக்கி, "ஹீமோகுளோபின்"ன்னுட்டான். எங்க பொண்ணு வாய் அவனுக்கு முன்னாடியே அதை முணுமுணுத்துச்சு, நான் கண்ணால பாத்தேன். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. கடைசி வரைக்கும் இதே கூத்துதான். தோத்தோம். திரும்பி வர்ற பஸ்ல, "எல்லாம் தெரிஞ்சும் மண்ணு மாதிரி ஒக்காந்திருந்தியேடி பாவி"ன்னு திட்டித் தீத்தேன். அவ ஜன்னல் பக்கம் திரும்பி அழுதா.

மறுநாள் செயலாளர் பாய் மதரசா வாசல்ல வண்டிய ஆஃப் பண்ணாமலே நின்னாரு.

"பாய், அவளுக்கு எல்லா பதிலும்..."

"தெரியும்மா, தெரியும். நீங்களும் பாடுபட்டீங்க, இல்லன்னு சொல்லல. அந்த நேரத்துல புள்ளைங்க இன்னும் கொஞ்சம் ஓதட்டும். நாளைலேர்ந்து வேணாம்."

குறுக்க பேசக் கூடாதுன்னு இந்த மனுஷனுக்கு யாருமே சொல்லித் தரலயா?

அவ என் பக்கத்துலயேதான் நின்னிருந்தா. கிளாஸ நிறுத்தாதீங்கன்னு அவருகிட்ட தானே கேக்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருந்தா. அவரு பேசி முடிக்கட்டும்னு கையக் கட்டிக்கிட்டுக் காத்திருந்தா. அவரும் முடிச்சாரு. முடிச்ச கையோட வண்டியக் கெளப்பிட்டாரு.

வண்டி தெருமுனை திரும்பின பிறகு என்னைப் பாத்துக் கேட்டா:

"இப்ப சொல்லட்டுமா டீச்சர்?"